நாலு கிராம் தேய்மானம்

பெரியம்மா செய்த முதல் குற்றம், கதவைத் திறந்தது. இரண்டாவது குற்றம், தண்ணீர் கேட்டவனுக்குத் தண்ணீர் கொடுத்தது. மூன்றாவதுதான் மன்னிக்க முடியாதது. நேரே காவல் நிலையத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னது.

காலை 11 மணி. ஆண்கள் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போய்த் தெரு ஓய்ந்திருந்த நேரம். இரண்டு பேர் வந்தார்கள். இன் செய்த சட்டை, கழுத்தில் பட்டை, பட்டையில் அடையாள அட்டை. பித்தளை, வெள்ளி துலக்கும் பவுடராம். கம்பெனி விளம்பரமாம், காசே வேண்டாமாம். “கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா, வெயில் தாங்கல.” குடித்துவிட்டுக் குத்துவிளக்கைத் தேய்த்தார்கள். மின்னியது. கொலுசைத் தேய்த்தார்கள். அதுவும் மின்னியது. அப்புறம்தான் பெரியம்மாவின் கழுத்தைப் பார்த்து வருத்தப்பட்டார்கள். “செயின் இப்படி அழுக்கேறிக் கெடக்கே.”

மூன்று பவுன் செயின் ஒரு கிண்ணத்துத் திரவத்தில் முங்கியது. “ஒரு ஸ்பூன் மஞ்சத்தூள் எடுத்துட்டு வாங்கம்மா.” பெரியம்மா அடுக்களைக்குப் போனாள். டப்பாவைத் தேடினாள். அவள் தேடத் தேட வேலை நடந்துகொண்டிருந்தது. பிறகு செயினை மஞ்சள் தண்ணீரில் போட்டுப் பாத்திரத்தை மூடினார்கள். “பத்து நிமிஷம் கழிச்சுத் திறங்க. முன்னாடியே திறந்தா பாலிஷ் ஏறாது.” பெரியம்மா சொன்ன சொல் தவறாதவள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தெருமுனையில் பைக் கிளம்பும் சத்தம் கேட்டதாம்.

பாத்திரத்தைத் திறந்தால் செயின் இருந்தது. அதுதான் இந்தத் திருட்டின் அழகு. நகைக்கடைத் தராசில் வைத்தபோதுதான் 24 கிராம் இருக்க வேண்டியது 19.9 என்று காட்டியது.

நைட்ரிக் அமிலம் ஒரு பங்கு, ஹைட்ரோகுளோரிக் அமிலம் மூன்று பங்கு. தமிழில் ராஜ திராவகம். எதற்கும் எளிதில் அசையாத தங்கம் இதில் கரையும். கரைந்த தங்கம் எங்கேயும் போய்விடுவதில்லை, கிண்ணத்தில்தான் கிடக்கிறது. வேறொரு மருந்து போட்டுப் படியவைத்து எடுத்துக்கொள்ளலாம். பள்ளியில் படித்த வேதியியலை வாழ்க்கையில் பயன்படுத்திய கூட்டம் என்று நான் கண்டது இவர்களைத்தான். மற்றவர்கள் எல்லாம் மார்க் வாங்கியதோடு சரி.

காவல் நிலையத்துக்கு நானும் போனேன். எந்த ஊர், எந்த நிலையம் என்று கேட்காதீர்கள். உங்கள் ஊர் என்றே வைத்துக்கொள்ளுங்கள், தப்பாகாது.

“என்னம்மா காணோம்?” என்றார் ரைட்டர்.

“நாலு கிராமுங்க.”

“நாலு கிராம்ல என்ன? மோதிரமா?”

“இல்லீங்க. செயின்லேர்ந்து நாலு கிராம்.”

“அறுத்துட்டானா?”

“கழுவிட்டான்.”

ரைட்டர் பேனாவை வைத்தார். பெரியம்மாவின் கழுத்தை உற்றுப் பார்த்தார். “செயின் கழுத்துலதானேம்மா இருக்கு?”

விசாரணை தொடங்கியது. திருடனை அல்ல, பெரியம்மாவை. ஏன் கதவைத் திறந்தீர்கள்? வீட்டில் ஆம்பளை இல்லையா? இந்த வயதில் எதற்குச் செயினுக்குப் பாலிஷ்? செயினுக்கு பில் இருக்கிறதா? செயின் 1979-இல் கல்யாணத்துக்கு எடுத்தது. பில் கொடுத்த கடையும் இல்லை, கடைக்காரரும் இல்லை, வாங்கிக் கொடுத்த என் தாத்தாவும் இல்லை. ரைட்டருக்கு ஒரு முடிச்சு அவிழ்ந்தது. “போட்டுப் போட்டுத் தேஞ்சிருக்கும்மா. தேய்மானம்.”

அதாவது, நாற்பது வருடத்துக்கு மேல் கழுத்தில் கிடந்து தேயாத செயின், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பத்து நிமிடத்தில் நாலு கிராம் தேய்ந்துவிட்டது. இதை ஒரு அரசு ஊழியர் முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னார். என்னால் அது முடியாது.

பிறகு இரக்கம் வந்தது. “தவறவிட்டேன்னு எழுதிக் குடுங்க, உடனே சி.எஸ்.ஆர். ரசீது போட்டுத் தர்றேன்.” திருட்டு என்று எழுதினால் வழக்கு. வழக்கு என்றால் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்காவிட்டால் கணக்கில் உதைக்கும். தவறவிட்டது என்றால் யாருக்கும் தொந்தரவு இல்லை. குற்றங்கள் குறைந்துவிட்டன என்று வருடக் கடைசியில் அறிக்கை வருகிறதே, எப்படிக் குறைகிறது என்று நீங்களும் யோசித்திருப்பீர்கள். இப்படித்தான் குறைகிறது. சரி, நாலு கிராமை எங்கே தவறவிட்டதாக எழுதுவது? பஸ்ஸிலா? கோயில் பிரகாரத்திலா? கழுத்துக்கும் பாத்திரத்துக்கும் நடுவிலா?

பெரியம்மா எழுத மறுத்துவிட்டாள். “நான் தவறவிடல. அவன் எடுத்தான்” என்று பெஞ்சில் உட்கார்ந்தவள் மூன்று மணி நேரம் எழுந்திருக்கவில்லை. கடைசியில் மனுவுக்கு ஒரு ரசீது கிடைத்தது. வழக்கு கிடைக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். சட்டம் ரொம்ப அழகாகச் சொல்கிறது. பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை பதிந்தே ஆகவேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2013-லேயே சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1-ஆம் தேதி புதுக் குற்றவியல் சட்டங்களும் வந்தன. எந்த எல்லையில் நடந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாமாம். அதற்குப் பெயர் ஜீரோ எஃப்.ஐ.ஆர். பெயரை அப்படியே எடுத்துக்கொண்ட நிலையங்கள் உண்டு. பூஜ்யத்துக்கு மேல் அங்கே ஏறுவதில்லை. மோசடிப் பிரிவின் எண்ணையும் அன்றே மாற்றினார்கள். தலைமுறை தலைமுறையாக ‘ஃபோர் ட்வென்டி’ என்று திட்டிவந்தோம். இப்போது 318. திருடனுக்கு ஒன்றும் மாறவில்லை. நமக்குத்தான் புது வசவு மனப்பாடம் செய்யும் வேலை.

2021 டிசம்பரில் நேரடி விற்பனைக்கென்றே தனி விதிகள் வந்தன. வீடு தேடி வரும் விற்பனையாளர் அடையாள அட்டையோடு, முன்கூட்டியே நேரமோ ஒப்புதலோ பெற்றுத்தான் வரவேண்டும். உங்கள் வீட்டுக்கு இதுவரை யாராவது “நாளைக்கு 11 மணிக்கு வரலாமாம்மா?” என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறார்களா? ஆனால் அடையாள அட்டை மட்டும் எல்லோரிடமும் இருக்கிறது. பெரியம்மாவிடம் வந்தவன் அட்டையைக் கேட்காமலேயே காட்டினான். கேட்காமல் காட்டுகிறவனைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பது எங்களுக்கு நாலு கிராம் செலவில் தெரிந்தது.

புகார் எண்களுக்கும் குறைவில்லை. இணையத்தில் பணம் போனால் 1930. வாங்கிய பொருளில் ஏமாந்தால் 1915. கேஸ் கசிந்தால் 1906. பெரியம்மாவின் பணம் இணையத்தில் போகவில்லை. அவள் பொருள் எதுவும் வாங்கவில்லை. கேஸ் கசியவில்லை, கசிந்தது தங்கம். மிச்சம் இருப்பது 100. அடித்தால் எங்கே வரச்சொல்வார்கள்? அதே பெஞ்சுக்கு.

இனி நம் யோக்கியதையையும் பார்த்துவிடலாம்.

நான் குடியிருக்கும் அடுக்ககத்து வாசலில் பெரிய பலகை: ‘விற்பனையாளர்களுக்கு அனுமதி இல்லை.’ இருபது வருடமாகக் கீரை கொண்டுவரும் ஆயாவைக் காவலாளி அந்தப் பலகையைக் காட்டி வெளியிலேயே நிறுத்துகிறார். பத்து ரூபாய்க் கட்டுக்கு எட்டு ரூபாய் பேரம் பேசி, கட்டை அவிழ்த்துப் புழு பார்த்து வாங்குகிறோம். போன மாதம் டை கட்டிய ஒரு தம்பி வந்தார். காவலாளி சல்யூட் அடித்து லிஃப்ட்டைக் காட்டினார். பலகை கீரைக்கு மட்டும்.

தம்பி குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் விற்கிறவர். இரண்டு கண்ணாடித் தம்ளர். ஒன்றில் எங்கள் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டுவந்த சுத்தத் தண்ணீர். கம்பிகள் நீட்டிய ஒரு கருவியை இரண்டிலும் இறக்கி மின்சாரம் கொடுத்தார். எங்கள் தண்ணீர் ஒரு நிமிடத்தில் சாக்கடையாகிவிட்டது. பழுப்பும் பச்சையுமாகக் கசடு. அவர் தண்ணீர் அப்படியே தெளிவாக இருந்தது. “இதைத்தான் சார் தினமும் குடிக்கிறீங்க” என்றார், சாவு வீட்டுக் குரலில். பக்கத்து வீட்டுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார்.

கசடு தண்ணீரில் இல்லை, கம்பியில் இருக்கிறது. உப்புக் கரைந்த தண்ணீரில் மின்சாரம் பாயும், இரும்புக் கம்பி அரிக்கும், துரு வரும். உப்பெல்லாம் உருவிய தண்ணீரில் மின்சாரம் ஏறக்குறையப் பாயாது, அதனால் துரு வராது. வித்தை இவ்வளவுதான். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை கரைந்த உப்புகள் இருக்கலாம், வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை போகலாம் என்கிறது குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம். நான் அடுக்களைக்குப் போய் ஒரு சிட்டிகை உப்பு எடுத்துவந்து அவருடைய சுத்தத் தண்ணீரில் போட்டேன். “இப்ப விடுங்க தம்பி.” தம்பி விடவில்லை. கருவியைத் துடைத்துப் பையில் வைத்தார். “எனக்கு டெக்னிக்கல் தெரியாது சார். மாசம் எட்டு மெஷின் டார்கெட்.” காலர் வேர்வையில் நனைந்திருந்தது. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பெட்டியைக் கையில் கொடுத்து, இப்படிப் பயமுறுத்து என்று சொல்லிக்கொடுத்தவர் எங்கோ ஏ.சி. அறையில் இருக்கிறார். அவர் வீட்டுக் கதவை யாரும் தட்டுவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மறுநாள் இயந்திரத்துக்கு முன்பணம் கட்டினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதே வாரம் எங்கள் வாட்ஸ்அப் குழு துப்பறியக் கிளம்பியது. பெரியம்மா கதையை நான்தான் அதில் போட்டிருந்தேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும். சைக்கிளில் போர்வை விற்றுவந்த ஒரு வடநாட்டுப் பையனைப் பின்பக்கமிருந்து படம்பிடித்து, ‘இவன்தான், உஷார், பகிரவும்’ என்று போட்டார் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர். அரை மணி நேரத்தில் பையனைச் சுற்றி எட்டுப் பேர். போர்வை மூட்டையைப் பிரித்துப் போட்டார்கள். உள்ளே போர்வைதான் இருந்தது. ஒருவர்கூட மன்னிப்புக் கேட்கவில்லை. ஒருவர் மட்டும் விலை கேட்டார். 2018 மே மாதம் போளூர்ப் பக்கம், கோயிலுக்குப் போகிற வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த சென்னை மூதாட்டி ஒருவரை, பிள்ளை பிடிக்க வந்தவர் என்று சொல்லி அடித்தே கொன்றது ஒரு கூட்டம். அங்கும் கைபேசியில் வந்த வதந்திதான் முன்னால் போயிருந்தது. இன் செய்த சட்டைக்குத் தண்ணீர், போர்வைக்காரனுக்கு அடி. நம் கண்ணுக்குத் திருடன் தெரிவதில்லை, ஏழை மட்டும் பளிச்சென்று தெரிகிறான்.

நாலு மாதம் கழித்து பெரியம்மா வீட்டுக் கதவு தட்டப்பட்டது. இல்லம் தேடிக் கல்வி வந்த மாநிலம், மக்களைத் தேடி மருத்துவம் வந்த மாநிலம். கடைசியில் காவல்துறையும் தேடி வந்துவிட்டது. சாதா உடையில் ஒருவர். கையில் இரண்டு தாள். முதல் தாள், ‘என் மனுமீது மேல் நடவடிக்கை தேவையில்லை’ என்று பெரியம்மாவே எழுதியதாக அவர்களே எழுதியிருந்த கடிதம். ஒரு கையெழுத்துதான் பாக்கி. இரண்டாவது, வாசலில் ஒட்டுவதற்கு விழிப்புணர்வு நோட்டீஸ். கம்பிக்கதவு வழியாக இரண்டையும் வாங்கிய பெரியம்மா, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டீஸை மட்டும் படித்தாள். முன்பின் தெரியாதவர்களுக்குக் கதவைத் திறக்காதீர்கள். அடையாள அட்டையைக் கேட்டுச் சரிபாருங்கள். எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

“அட்டை இருக்கா தம்பி?”

“ஸ்டேஷன்லேர்ந்து வர்றேம்மா.”

“அவனும் கம்பெனிலேர்ந்துதான் வந்தான். வர்றதுக்கு முன்னாடி சொன்னீங்களா?”

அவர் வேர்வையைத் துடைத்தார். வெயில் அன்றைக்கும் கொஞ்சம் அதிகம்தான். “சரி, கொஞ்சம் தண்ணியாவது குடுங்கம்மா.”

“தெருமுனைல குழாய் இருக்கு” என்றாள் பெரியம்மா.