அணிலுக்கு வாடகை

வா மருமகனே, உக்காரு. மலையடிவாரத் தோப்பை வெட்டிப் பிளாட்டு போடப் போறியாமே? நல்ல காரியம். தாத்தன் வச்ச மரத்தைப் பேரன் வெட்டாம அசலூர்க்காரனா வந்து வெட்டுவான்?

ஒரே சங்கடம், தோப்புல நிக்கிற புளியில நரை அணிலு குடியிருக்கு. பூனைத் தண்டி உடம்பு, அதுக்குத் தக்க வாலு. இந்தச் சீவனுக்குன்னே 1988-ல திருவில்லிபுத்தூர் மலையைச் சரணாலயம் ஆக்கினாங்க. 2021-ல மேகமலையையும் சேத்துப் புலிகள் காப்பகம்னு அறிவிச்சாங்க. ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேல. அம்புட்டு எடம் கெடந்தும் அந்தக் கழுதைக்கு உன் தோப்பு மாங்காதான் ருசிக்குது. எல்லைக்கல்லை அதுக்கு யாரு வாசிச்சுக் காட்டுறது?

தரையில எறங்க அதுக்கு இஷ்டமில்ல. கொப்புக்குக் கொப்பு தாவித்தான் போகும். நடுவுல பத்து மரத்தைச் சாச்சுட்டேன்னா அக்கரை அணிலு அக்கரையிலயே, இக்கரை அணிலு இக்கரையிலயே. பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்க வழியில்ல. போகட்டும், அதுகளுக்கு ஓட்டா இருக்கு?

சட்டத்துக்குப் பயப்படுறியா? தனியார் காடுகளைக் காக்கன்னு 1949-லயே சட்டம் போட்டாச்சு. ரெண்டு ஹெக்டேருக்கு மேல காடு வச்சிருக்கவன் அனுமதி இல்லாம வெட்டப்படாது. கையைப் பிடிக்கிற சட்டம் அது, கையில ஏதும் வைக்கிற சட்டமில்ல. உனக்கு இருக்கது நாலு ஏக்கர் மாந்தோப்பு. நீ ராசா. வெட்டு!

வெட்டினதும் இன்னொரு வேலை செய்யி. பசுமைத் தமிழகம் இயக்கத்துல மரக்கன்னு குடுக்காங்க, மாநிலத்துல நூத்துக்கு 33 பங்கு பச்சையாக்கணுமாம். நாலு கன்னு வாங்கி நட்டு, போட்டோ எடுத்துக்க. கன்னு நட்டவனுக்குச் சால்வை கெடைக்கும். மூணு தலைமுறையா மரம் வச்சிருக்கவனுக்கு என்ன கெடைக்கும்? அணிலு கடிச்ச மாங்கா.

முழுசா அப்படியும் சொல்லிற முடியாது. சிவகங்கைப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டி தெரியும்ல? வேட்டங்குடி சரணாலயத்துப் பறவைக கலைஞ்சிரும்னு தீவாளிக்கு ஒரு ஓலைவெடி கூட வெடிக்க மாட்டாங்க. நீ விக்கிற பட்டாசு கிப்ட் பாக்ஸு அங்க ஒண்ணும் போணியாகாது. வெடிக்காம இருக்கதுக்கு வனத்துறை மிட்டாய் குடுத்து மரியாதை செய்யுது. நல்ல மனசுதான். ஆனா மிட்டாயை வச்சுத் தண்ணி பாய்ச்சுற மோட்டாருக்குக் காயில் கட்ட முடியுமா?

கோஸ்டாரிகான்னு ஒரு சின்னத் தேசம். 1996-ல வனச் சட்டம் போட்டான். காட்டை வெட்டாம வச்சிருக்க சம்சாரிக்கு ஒப்பந்தம் எழுதிக் காவக்கூலி குடுக்கான். தண்ணி பிடிச்சு வைக்குது, புகையை உறிஞ்சுது, உயிருகளுக்கு எடங் குடுக்குது, கண்ணுக்கு அழகா இருக்குது, நாலுக்கும் சேத்துக் கூலி. பெட்ரோல் மேல போட்ட வரியில ஒரு பங்கை இதுக்குத் திருப்பி விட்டான். பிளாட்டு விலைக்கு அந்தக் கூலி உறை போடக் காணாது, ஒத்துக்கிடுதேன். ஆனா மாங்காக் காசோட அதுவும் வந்தா, புரோக்கர் வாரப்போ வாசல்ல உக்கார வச்சுப் பேசலாம், நடுவீட்டுக்குள்ள கூப்பிட வேண்டியதில்ல.

அந்நிய தேசத்து ஏற்பாடு நமக்கெதுக்குங்கியா? தீப்பெட்டித் தொழிலைக் கத்துக்க நூறு வருசத்துக்கு முன்னாடி நம்ம சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கு ரயிலேறல? கோஸ்டாரிகா கொஞ்சம் தூரம், அம்புட்டுத்தான். பெட்ரோலுக்குப் பதிலா, சிவகாசியில இருந்து போற பட்டாசுப் பெட்டி ஒண்ணுக்கு ஒத்த ரூவா வைப்போம். நாட்டுல வெடிக்கிறதுல பெரும்பங்கு நம்ம சரக்கு. வெடிச்ச புகைக்கு ஈடா, புகையை உறிஞ்சுற மரத்துக்கு வாடகை. என்ன, முகம் சுருங்குது? ஒத்த ரூவான்னதும் உன் கிப்ட் பாக்ஸு ஞாபகம் வந்திருச்சோ?

சரி, நான் கெழவன், பேச்சை விடு. புரோக்கரு ஜீப்புல வந்து தோப்பை அளந்துட்டுப் போனாரே, எந்த வழியா வந்தாரு? கெணத்து மேட்டுப் பாதைதான? இருபதடி ரோடு இருக்குன்னு நோட்டீசுல போட்டுட்டானாக்கும்?

அந்தப் பாதை என் பத்திரத்துல இருக்கு மருமகனே. உன் அய்யாவுக்கு மாங்கா வண்டி போக வாயால விட்டுக் குடுத்தது. மாங்கா வண்டி இப்பவும் போகலாம்.

காப்பி ஆறுது, குடி.