ஐ-விட்னஸ்

கோபிநத்தத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, "இந்த ஊர்தானே அந்த..." என்று இழுத்துப் பாருங்கள். டீ வருவதற்குள் ஐ-விட்னஸ் வந்துவிடுவார்.

கோர்ட்டில் இந்தச் சொல்லுக்கு ஏகக் கெடுபிடி. சம்பவத்தைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். அடுத்தவர் சொல்லிக் கேட்டது செல்லாது. டீக்கடைச் சட்டம் தாராளம். பார்த்தவர், பார்த்தவரைப் பார்த்தவர், பார்த்தவரின் மச்சானோடு பாலாறு செக்போஸ்ட் வரை பஸ்ஸில் வந்தவர், எல்லோருக்கும் இங்கே பதவி உண்டு.

சந்தனக் கடத்தல் வீரப்பன் 1952-இல் பிறந்த ஊர் இது. மைசூர் மாவட்டமாக இருந்து சாமராஜநகர் ஆனாலும் வீட்டுப் பேச்சு தமிழ்தான். 1991 நவம்பரில் வீரப்பன் கையால் கொல்லப்பட்ட வனத்துறை அதிகாரி சீனிவாஸ், ஊருக்குக் கட்டிக்கொடுத்த மாரியம்மன் கோயில் இன்னும் இருக்கிறது. சாட்சி சொல்ல விஷயத்துக்குப் பஞ்சமில்லை.

ஆனால் வீரப்பன் இருந்த நாளில் இதே ஐ-விட்னஸைக் கேட்டிருக்க வேண்டும்! அதிரடிப்படை ஜீப் சத்தம் கேட்டால் கண் மங்கும், காது அடைக்கும். "ஆடு மேய்க்கப் போனேனுங்க சாமி, ஒண்ணும் பாக்கல." குறை சொல்ல முடியாது. பார்த்தேன் என்றால் காட்டில் துப்பாக்கி, பார்க்கவில்லை என்றால் கேம்பில் லத்தி. அந்தக் காலத்துக் குருட்டுத்தனம் ஒரு தொழில்நுட்பம்.

2004 அக்டோபர் 18 இரவு, பாப்பாரப்பட்டி அருகே ஆம்புலன்ஸ் வேஷம் போட்ட வண்டியில் வீரப்பன் கதை முடிந்தது. ஆபரேஷன் இல்லாமலே இவருக்குப் பார்வை திரும்பியது அன்றுதான். 2023-இல் வெப் சீரிஸ்கள் வந்த பிறகு இன்னும் கூர்மை. போன தீபாவளிக்குத் தூரத்தில் தெரிந்த மீசை, இந்தப் பொங்கலுக்கு இவர் தோளில் உரசிப் போயிருக்கிறது. கேமராவோடு வந்தவர்களுக்கு யானைத் தந்தம் கிடந்த இடத்தையும் காட்டுவார். வெயில் அதிகமானால் அந்த இடம் ரோட்டோரத்துக்கே வந்துவிடும்.

மடக்கிப் பார்க்கலாம் என்று கேட்டேன்: "2000-இல் நடிகர் ராஜ்குமாரைக் கடத்தினது தாளவாடிப் பக்கம் காஜனூரில். அங்கே நீங்க எப்படிங்க?"

கிளாஸைக் கீழே வைத்தார்.

"அது நம்ம லிமிட் இல்லைங்க சார். அதுக்கு வேற ஆள் இருக்காப்ல. போன் போடட்டுமா?"