காற்றோட்டமான இடம்

கிராபிக்ஸ் கார்டு கொதித்தால் எல்லோரும் சொல்லும் முதல் வைத்தியம்: "கேபினெட்டைக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்." எண்ணூரில் காற்றுக்கா பஞ்சம்? ஜன்னலைத் திறந்தால் கடலுப்பு, நிலக்கரித் தூள், பறக்கும் சாம்பல் மூன்றும் டெலிவரி சார்ஜ் இல்லாமல் வீடு தேடி வரும். ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே தூசி கம்பளி நெய்துவிடும். ஜன்னலை மூடினாலோ, மே மாத அறையே அடுப்பங்கரை. பல கார்டுகள் 83 டிகிரியைத் தொட்டதும் தாமாகவே வேகத்தைக் குறைக்கும். கேமில் எதிரி சுடுவான், நம் ஆள் திரும்பிப் பார்ப்பதற்குள் ஆட்டம் முடிந்திருக்கும்.

அந்தக் கார்டு குடிக்கும் மின்சாரத்துக்கும் நிலக்கரிதான் எரிகிறது. விளையாட விளையாடச் சாம்பல்; சாம்பல் சேரச் சேரச் சூடு. 1970-ல் தொடங்கிய பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-ல் ஓய்வு பெற்றது. வட சென்னை நிலையம் இன்னும் பணியில். அதற்கும் உடம்பு சுடும்தான். ஆனால் வெந்நீரைக் கழிமுகத்தில் கொட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறது. கார்டுக்கு அந்தச் செல்வாக்கு இல்லை.

ஆகவே, ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு மாதம் ஒருமுறை புளோயரால் ஊதுங்கள். தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் மாற்றுங்கள். ஊதும்போது மறக்காமல் மாஸ்க் போடுங்கள். கார்டு போனால் ரிச்சி தெருவில் வேறு வாங்கலாம். நுரையீரல் அங்கே கிடைக்காது.