படி மேல் படி

கேள்வி: பள்ளிச் சாரணர் படையில் சேர்ந்த என் மகன் நீச்சல், சமையல், முதலுதவி என்று பேட்ஜாக வாங்கித் தைத்துக்கொள்கிறான். ‘படி’ என்றால் மட்டும் காது கேட்பதில்லை. என்ன செய்வது?
*- ஒரு வாசகர், திருமுடிவாக்கம்*

பதில்: கேட்டுத்தானே செய்கிறான்! பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் பிரதம, துவிதீய, திருதீய என்று மூன்று சோபானங்கள். சோபானம் என்றாலே ‘படி’தான்! அதற்கு மேல் ராஜ்ய புரஸ்கார் என்ற மாநில விருது. உச்சியில் குடியரசுத் தலைவர் விருது.

இங்கே மனப்பாடம் செல்லாது. முதலுதவி பேட்ஜ் வேண்டுமா? கட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். கட்டுத்துணியின் வலது முனையை இடதின் மேல், பிறகு இடதை வலதின் மேல் போட்டால் முடிச்சு தட்டையாக உட்காரும், உறுத்தாது. இரண்டு முறையும் ஒரே பக்கம் போட்டால் வழுக்கிவிடும். 1907இல் பிரவுன்சீ தீவில் சிறுவர்களோடு கூடாரம் அடித்த, சாரணர் இயக்கத்தின் நிறுவனர் பேடன் பவலும் செய்து பார்த்துக் கற்பதைத்தான் நம்பினார்.

பாடத்துக்கும் நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள், தப்பில்லை. ஆனால் உங்கள் ஊர் சிட்கோ தொழிற்பேட்டையில் யாருக்காவது கையில் வெட்டுப்பட்டால், மார்க் ஷீட்டையா சுற்றுவீர்கள்? பையனைத்தான் கூப்பிடுவீர்கள்!