மானும் வெள்ளைச் சீருடையும்

ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகரில் பிள்ளையைப் படிக்கவைப்பவர்களுக்குத் தெரியும், பள்ளிச் சுற்றுலா காட்டில் நடப்பதல்ல, சுற்றறிக்கையில் நடப்பது. இம்முறை வனஸ்தலிபுரம் மகாவீர் ஹரிண வனஸ்தலி. ஒரு காலத்தில் நிஜாமின் வேட்டைக்காடு. 1975இல் மான்களுக்கென்று ஒதுக்கி, மகாவீரர் பெயரையே வைத்துவிட்டார்கள். பாவத்துக்கு இதைவிடப் பரிகாரம் ஏது!

சுற்றறிக்கை முழுதாக இரண்டு பக்கம். அடையாள அட்டை கட்டாயம். தயிர்சாதம் கூடாது, பஸ்ஸில் கொட்டுமாம். அப்பா, அம்மா இருவர் கையெழுத்தும் வேண்டும். பளீரென்ற வெள்ளைச் சீருடை. (காட்டுக்குள் பளபளவென்று போகக்கூடாதென்று வேட்டைக்கு வந்தவர்களுக்காவது தெரிந்திருக்கும்.) மான் என்ற சொல்லைத் தேடினேன், எங்குமே இல்லை.

அங்கிருக்கும் வெளிமான் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடியது. பிள்ளைகளின் பஸ்ஸுக்கு உப்பல் சந்திப்பைத் தாண்டவே முக்கால் மணி நேரம். இறங்கியதும் அத்தனை பேரும் ஒரே குரலில் "டீச்சர், மான்!" என்று கத்த, மான் தன் வேகத்தை நிரூபித்துவிட்டுப் போய்விட்டது. மிச்சமிருந்த நேரமெல்லாம் குரூப் போட்டோ.

மாலையில் மகனிடம், "என்னடா பார்த்தே?" என்றேன்.

"உப்பல் மெட்ரோ, நாகோல் மெட்ரோ, எல்.பி.நகர் மெட்ரோ" என்றான்.