பிள்ளையாரைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்

கே: எங்கள் தாத்தாவின் அம்பாசிடர் புளியமரத்தில் மோதினால் மரம்தான் பயப்படும். இப்போதைய கார்கள், பசுமாடு முதுகைச் சொறிந்துகொண்டாலே நசுங்குகின்றன. எதை நம்புவது?
- அம்பாசிடர் அபிமானி, கும்பகோணம்

ப: மரத்தைப் பற்றிச் சொன்னீர்கள், காரைப் பற்றிச் சொன்னீர்கள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் என்ன ஆனார் என்று தாத்தா சொல்லவே இல்லையா?

மோதும்போது வண்டியின் வேகம் எங்கேயாவது செலவாகியே தீரவேண்டும். தகரம் வளைந்துகொடுக்காவிட்டால் விலா எலும்பு வளைந்துகொடுக்கும். அதனால்தான் இன்றைய காரின் மூக்கை நசுங்குவதற்கென்றே செய்து, ஆள் உட்காரும் கூண்டை மட்டும் கெட்டியாக வைக்கிறார்கள். மட்டையோடு விழுந்த தேங்காய் உடையாமல் கிடைக்கிறதே, அதே கணக்கு. மெர்சிடிஸ் நிறுவனத்தின் பெலா பாரெனி 1950-களின் தொடக்கத்திலேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்.

நம்பிக்கை வரவில்லையா? 2009-ல் அமெரிக்காவில், காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வகம் தன் பொன்விழாவுக்கு ஒரு வேடிக்கை காட்டியது. 1959-ம் வருடத்து செவர்லே பெல் ஏர் ஒரு பக்கம், 2009 மாடல் செவர்லே மாலிபு மறுபக்கம். இரண்டையும் சுமார் 64 கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிரே ஓடவிட்டு மோதவைத்தார்கள். பெல் ஏர், உங்கள் தாத்தாவின் வண்டியைப் போலவே கனத்த இரும்பு; அம்பாசிடர் உத்தரபாரா ஆலையிலிருந்து உருண்டுவரத் தொடங்கிய காலத்துப் பிறவி. அதன் கூண்டு மடங்கி ஸ்டியரிங் உள்ளே புகுந்துவிட்டது. உள்ளே இருந்த சோதனைப் பொம்மை மனிதனாக இருந்தால் பிழைத்திருக்கமாட்டான். மாலிபுவின் மூக்கு சப்பையாகிவிட்டது, பொம்மையின் காலில் மட்டும் அடி. படம் யூடியூபில் இருக்கிறது. சாப்பிட்டபிறகு பாருங்கள்.

கே: புதுக் கார் எடுத்து, பாடிகாட் முனீஸ்வரர் கோயிலில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழமும் ஏற்றியாகிவிட்டது. டாஷ்போர்டில் பளிங்குப் பிள்ளையாரை நன்றாக ஒட்டிவைத்திருக்கிறோம். இனிக் கவலை இல்லைதானே?
- புது ஓனர், சென்னை

ப: முனீஸ்வரர்மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. பிள்ளையார் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் கவலை. இடதுபக்க டாஷ்போர்டில் ‘ஏர்பேக்’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு மூடி இருக்கும். விரலால் தடவினால் விளிம்பு தட்டுப்படும். அநேகம் பேர் அந்தச் சமதளத்தைப் பார்த்ததுமே, சாமிக்கு மேடை கட்டித் தந்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். மோதல் நடந்தால் அந்த மூடி கண் இமைப்பதற்குள் திறக்கும். பை மணிக்கு 300 கிலோமீட்டர் அளவு வேகத்தில் சீறிக்கொண்டு வரும். பளிங்கும் கூடவே வரும், உங்கள் மனைவியின் முகத்தை நோக்கி. விக்னங்களைத் தீர்ப்பவரை இப்படி இக்கட்டில் மாட்டிவிடலாமா? நடுவில், கண்ணாடியை மறைக்காமல், சின்னதாக ஒரு படமாக இருக்கட்டும்.

அதே காரணத்துக்காக, டாஷ்போர்டில் கால் நீட்டுவது கூடாது. முன்சீட்டில் குழந்தையை மடியில் வைத்துக்கொள்வது கூடவே கூடாது. பைக்கும் உங்கள் நெஞ்சுக்கும் நடுவில் குழந்தை மாட்டிக்கொள்ளும். ஓட்டுபவரின் நெஞ்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் குறைந்தது 25 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் உள்ள வண்டியாக இருந்தால், சீட் கவர் கடைக்காரர் அதையும் சேர்த்துத் தைத்து மூடிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்து வாங்கிய பையை, மறுபடி காசு கொடுத்துத் தைத்து மூடுகிறோம்!

கே: ஏர்பேக் இருக்கும்போது பெல்ட் எதற்கு? பீப் சத்தம் வராமலிருக்க ஒரு கிளிப் கிடைக்கிறது, நண்பர்கள் எல்லாம் மாட்டியிருக்கிறார்கள்.
- சத்தம் பிடிக்காதவர், ஈரோடு

ப: நீல்ஸ் போலின் என்று ஒரு சுவீடன்காரர். போர் விமானத்திலிருந்து விமானியை வெளியே தூக்கி எறியும் இருக்கைகளைச் செய்துகொண்டிருந்தார். பிறகு வால்வோவுக்கு வந்து, ஆளை வெளியே எறியாமல் இருக்கும் வேலையைப் பார்த்தார். தோளுக்கும் இடுப்புக்கும் சேர்த்து ஒரே கையால் மாட்டும் பெல்ட் 1959-ல் வந்தது. அந்த வடிவத்தை எல்லா நிறுவனங்களும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று வால்வோ விட்டுக்கொடுத்துவிட்டது. உலகத்துக்கே இலவசமாகக் கிடைத்த ஒன்றை ஏமாற்ற, நீங்கள் காசு கொடுத்து கிளிப் வாங்குகிறீர்கள்.

ஏர்பேக் பெல்ட்டுக்குத் துணையாள், மாற்றாள் அல்ல. பெல்ட் உங்களைப் பிடித்து நிறுத்துகிற கணக்கில்தான் பை விரியும் நேரத்தை வைத்திருக்கிறார்கள். பெல்ட் இல்லாவிட்டால் பை விரிந்து முடிப்பதற்குள்ளேயே நீங்கள் போய் அதில் விழுவீர்கள். அது உங்களை நோக்கிச் சீறிக்கொண்டிருக்கும். 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணையக் கடைகளுக்கு, இந்தக் கிளிப்பை விற்கக்கூடாது என்று உத்தரவு போட்டது. சத்தத்தை நிறுத்தச் செலவில்லாத இன்னொரு வழி இருக்கிறது. பெல்ட்டைப் போடுங்கள், உடனே வாயை மூடிக்கொள்ளும்.

கே: பின்சீட்டிலுமா பெல்ட்? முன்சீட் தடுத்துக்கொள்ளாதா?
- பின்சீட்டுப் பிரமுகர், கோயம்புத்தூர்

ப: முன்சீட்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? உங்கள் எடையும் வண்டியின் வேகமும் சேர்ந்து விழப்போவது அவர் முதுகில்தான். 2022 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே நடந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். அவரும் உடனிருந்தவரும் பின்சீட்டில், பெல்ட் இல்லாமல். இருவருமே பிழைக்கவில்லை. முன்சீட்டில் இருந்த இருவரும் காயங்களோடு உயிர்தப்பினார்கள். பின்சீட்டுக்கும் சட்டம் உண்டு, அபராதம் 1,000 ரூபாய். அதைக் கட்டுவது மட்டும்தான் உங்கள் கவலை என்றால், நீங்கள் பாக்கியசாலி.

கே: நாலு ரோடு சந்திப்பில் நேராகப் போவதைத் தெரிவிக்க, நான்கு இண்டிகேட்டரையும் ஒன்றாகப் போடுகிறேன். சரிதானே?
- முன்யோசனைக்காரர், சேலம்

ப: நேராகப் போகிறவர் எதையும் போடவேண்டாம், நேராகப் போனால் போதும். உங்கள் இடதுபக்கச் சாலையில் நிற்பவருக்கு உங்கள் இடது விளக்கு மட்டும்தான் தெரியும். ‘ஓகோ, நம்ம தெருவுக்குத்தான் திரும்புகிறார்’ என்று நம்பி அவர் வண்டியை நகர்த்துவார். வலதுபக்கத்தில் நிற்பவரும் அதையே நம்புவார். இரண்டு பேரும் உங்களை வரவேற்க நடுரோட்டுக்கு வந்துவிடுவார்கள். நான்கு விளக்கும் வண்டி நின்றுபோனால் போடுவதற்கு. மழையில் ஓடும்போது போட்டுவைத்தாலும் இதே குழப்பம்தான்; நீங்கள் எப்போது தடம் மாறுகிறீர்கள் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. மழைக்கு ஹெட்லைட் போதும், அதுவும் லோ பீமில்.

கே: திடீரென்று பிரேக்கை மிதித்தபோது, பெடல் காலுக்குக் கீழே தடதடவென்று அதிர்ந்தது. பயந்து காலை எடுத்துவிட்டேன். மெக்கானிக்கிடம் காட்டவேண்டுமா?
- புது லைசென்ஸ், தஞ்சாவூர்

ப: வேண்டாம் தம்பி, அதுதான் ஏபிஎஸ். சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமலிருக்க, அதுவே பிடித்துப் பிடித்து விடுகிறது. அடுத்தமுறை காலை எடுக்காமல் அழுத்தி மிதித்து, ஸ்டியரிங்கைத் திருப்பி விலகுங்கள். விட்டுவிட்டு மிதிக்கச் சொல்லும் பழைய டிரைவர்கள், ஏபிஎஸ் இல்லாத வண்டியில் பழகியவர்கள்.

கே: விடியற்காலை மூன்று மணி, உளுந்தூர்பேட்டை தாண்டியதும் கண் சொக்குகிறது. பாட்டைச் சத்தமாக வைத்தால் சரியாகுமா?
- சபரிமலை சீசன் டிரைவர், தாம்பரம்

ப: பின்சீட்டில் தூங்குபவர்கள் எழுந்துவிடுவார்கள், அவ்வளவுதான். ஜன்னலைத் திறப்பது, முகம் கழுவுவது, வெற்றிலை போடுவது எல்லாமே சில நிமிடக் கடன். மணிக்கு 100-ல் போனால் ஒரு நொடிக்கு 28 மீட்டர் ஓடுகிறது; இரண்டு நொடி கண் அசந்தால், கால் பர்லாங்குக்குக் கொஞ்சம் அதிகமாக, ஓட்டுநரே இல்லாமல் ஓடியிருக்கும். வெளிச்சமுள்ள பெட்ரோல் பங்கில் ஓரமாக நிறுத்தி, ஒரு காபி குடித்துவிட்டு உடனே இருபது நிமிடம் சீட்டைச் சாய்த்துத் தூங்குங்கள். காபி வேலை செய்யத் தொடங்குவதற்கும் நீங்கள் எழுவதற்கும் சரியாக இருக்கும். சாமிகள் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

கே: ஐந்து நட்சத்திரம் வாங்கிய கார். இனி 140-ல் போகலாமா?
- நட்சத்திரப் பிரியர், திருச்சி

ப: அந்த நட்சத்திரத்தை முன்பக்க மோதலில் கொடுத்தது 64 கிலோமீட்டர் வேகத்தில். 140-க்கு யாரும் சோதித்துப் பார்க்கவில்லை, நீங்கள் முதல் ஆளாக இருக்கவேண்டாம். இன்னொன்று, அந்தச் சோதனைப் பொம்மைகள் பெல்ட் போட்டுக்கொண்டுதான் மோதின.

கே: கல்யாணத்துக்குப் போகையில் பெல்ட் போட்டால் பட்டுப்புடவை கசங்குகிறதே?
- பெண்ணின் சித்தி, மதுரை

ப: மேல்பட்டை கழுத்தில் உரசாமல் தோளின் நடுவில் வரட்டும், கீழ்ப்பட்டை வயிற்றில் இல்லாமல் இடுப்பெலும்பில் இறங்கி உட்காரட்டும். பாதிக் கசங்கல் குறைந்துவிடும். மிச்சத்தை யாரும் பார்க்கப்போவதில்லை சித்தி, எல்லோரும் மணப்பெண்ணின் புடவை விலையை விசாரித்துக்கொண்டிருப்பார்கள்.