இடது காலுக்கு ஓய்வூதியம்

ஆட்டோமேட்டிக் கார் வாங்கப் போகிறவர்கள் மைலேஜ் கேட்கிறார்கள், கலர் கேட்கிறார்கள், டிக்கியில் கேஸ் சிலிண்டர் நிற்குமா என்றுகூடக் கேட்கிறார்கள். இடது காலை என்ன செய்வது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. முப்பது நாற்பது வருஷம் கிளட்ச்சை மிதித்தே பிழைத்த கால் அது. திடீரென்று ஒருநாள், ‘நாளையிலிருந்து நீ வர வேண்டாம்’ என்றால் கேட்குமா? ரிட்டையர் ஆன பிறகும் தினமும் ஆபீசுக்கு வந்து, பழைய நாற்காலியிலேயே உட்கார்ந்து ஃபைலைப் புரட்டும் ஹெட்கிளார்க்குகள் உண்டல்லவா? என் சித்தப்பாவின் இடது கால் அந்த ரகம்.

சித்தப்பா வண்டி பழகியது அம்பாசடரில். கியர் தரையில் இருக்காது, ஸ்டியரிங் பக்கத்திலேயே நீட்டிக்கொண்டிருக்கும். முன்சீட் ஒரே பெஞ்ச். டிரைவரோடு சேர்த்து மூன்று பேர், மடியில் இரண்டு குழந்தைகள், காலடியில் ஒரு கூடை. இத்தனைக்கும் நடுவில் கியர் மாற்றியவர்கள் அந்தத் தலைமுறைக்காரர்கள். குளிர்காலக் காலையில் சோக்கை இழுத்து, சாவியைத் திருகி, இன்ஜின் இருமி எழுந்ததும் சோக்கை மெல்ல உள்ளே தள்ளி, அப்புறம்தான் பேச்சு.

பேட்டரி படுத்துவிட்டால் ஹேண்டில். இரும்புக் கம்பியை முன்பக்க ஓட்டையில் சொருகி, கையால் சுற்ற வேண்டும். அதில் கட்டைவிரலுக்கு என்று ஒரு சட்டமே உண்டு. மற்ற நான்கு விரல்களோடு அதுவும் ஒரே பக்கமாக இருக்க வேண்டும், கைப்பிடியைச் சுற்றி வளைக்கக் கூடாது. கீழிருந்து மேலே இழுக்க வேண்டும், மேலிருந்து கீழே அமுக்கக் கூடாது. இன்ஜின் சில சமயம் எதிர்ப்பக்கமாக உதைக்கும். இழுக்கிற கை என்றால் கம்பி விரல்களிலிருந்து நழுவிப் போய்விடும். அமுக்குகிற கை என்றால் மணிக்கட்டு போய்விடும். இதை எல்லாம்விட முக்கியம், வண்டி நியூட்ரலில் இருக்க வேண்டும். கியரில் கிடக்கிற வண்டிக்கு ஹேண்டில் போட்டால், ஸ்டார்ட் ஆனதும் அது முதலில் போகிற இடம் போட்டவரின் மேல்தான்.

1912இல் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங்கின் மின்சார ஸ்டார்ட்டர் வந்து, அமெரிக்காவின் மணிக்கட்டுகள் பிழைத்தன. நம் ஊரில் அதற்கப்புறமும் பல பத்தாண்டுகள் ஹேண்டில் டிக்கியிலேயே கிடந்தது. இன்றைக்கும் நம்மவர்கள் சாவியைத் தொடுமுன் கியரை இடம் வலமாக ஒருமுறை ஆட்டிப் பார்ப்பதை நீங்கள் கவனித்திருக்கலாம். அந்தக் காலத்துப் பயம்தான், இன்னும் கையில் மிச்சம் இருக்கிறது. நல்ல பயம். இருந்துவிட்டுப் போகட்டும்.

அம்பாசடர் உற்பத்தி நின்றது 2014இல். கிளட்ச் பெடல் இல்லாத ஏ.எம்.டி. என்கிற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸோடு செலேரியோ கார் நம் சந்தைக்கு வந்ததும் அதே 2014இல்தான். ஒரே வருஷத்தில் ஒரு வாசல் மூடி இன்னொன்று திறந்தது. சித்தப்பா மட்டும் பழைய வாசலிலேயே ரொம்ப நாள் உட்கார்ந்திருந்தார். பிறகு முட்டிவலி வந்தது. டாக்டர் மாத்திரை எழுதினார், சித்தி ஆட்டோமேட்டிக் எழுதினார்.

டெலிவரி எடுக்கப் போன அன்று சித்தப்பா கியர் லீவரைப் பார்த்துவிட்டு ஷோரூம் பையனிடம் கேட்டார்.

“ஏந்தம்பி, பார்க்கிங்னு ஒண்ணு இருக்குமாமே. பி-யக் காணோமுங்களே?”

“இதுல வராதுங்க சார். கியர்லயே விட்டு ஆஃப் பண்ணிட்டு, ஹேண்ட்பிரேக்க இழுத்துருங்க.”

பையன் சொன்னது சரி. மற்ற ஆட்டோமேட்டிக்குகளில் பி-யில் போட்டால் கியர்பாக்ஸுக்குள் ஒரு கொக்கி பல்சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும். நம் ஊர் ஏ.எம்.டி.க்கள் பலவற்றில் அந்தக் கொக்கி கிடையாது. ‘ஆட்டோமேட்டிக்தானே, தானா நிக்கும்’ என்று நியூட்ரலில் விட்டுவிட்டு இறங்கினால், சரிவில் அது தானாகவேதான் போகும். சித்தப்பாவுக்கு இதில் பரம திருப்தி. “நம்ம அம்பாசடர்லயும் பி கெடையாது” என்றார்.

அடுத்தது எலுமிச்சம்பழம். நான்கு டயருக்கும் நான்கு வைத்து, கற்பூரம் காட்டி, “மெதுவா ஏத்துங்க சார்” என்றார்கள். பூஜையைக் குறை சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. எலுமிச்சம்பழம் நசுங்க எவ்வளவு விசை வேண்டும் என்பதில்தான் பலருக்குக் குழப்பம். டி-யில் போட்டு பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலே இந்த வண்டிகள் நகர ஆரம்பித்துவிடும், ஆக்சிலேட்டரைத் தொடவே வேண்டாம். 2025 செப்டம்பரில் டெல்லியில் ஒரு புது வண்டி, பழத்தை நசுக்குகிற ஆவேசத்தில் ஷோரூமின் முதல் மாடிக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு தெருவில் போய் விழுந்த செய்தியைப் படித்திருப்பீர்கள். நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. பழம் நசுங்கியிருக்கும்.

எங்கள் பழங்கள் பத்திரமாக நசுங்கின. கண்டம் காத்திருந்தது அவிநாசி ரோட்டில்.

சிக்னல் சிவப்பானது. முப்பது வருஷப் பழக்கம் உள்ளவர்கள் நிற்கப்போகும்போது என்ன செய்வார்கள்? இடது காலால் கிளட்ச்சை அடிவரை அமுக்குவார்கள். சித்தப்பாவின் இடது காலும் மேலதிகாரி உத்தரவுக்குக் காத்திராமல் எழுந்து போய் கிளட்ச்சைத் தேடியது. அந்த இடத்தில் இருந்தது ஆட்டோமேட்டிக் வண்டிக்கே உரிய அகலமான பிரேக் பெடல். கிளட்ச்சுக்குக் காட்டுகிற பலத்தைப் பிரேக்குக்குக் காட்டினால் நடப்பது உடனே நடந்தது. வண்டி நின்றது, நாங்கள் நிற்கவில்லை. பின்சீட்டில் சித்தியின் காலடியில் இட்லி மாவுத் தூக்கு இருந்தது. மூடி தனியாக, மாவு தனியாகக் கிளம்பியது. மாவின் பெரும்பகுதி கியர் லீவரைச் சுற்றி இறங்க, ஒரு கரண்டியளவு மட்டும் துல்லியமாக ஏ.சி. வரும் ஓட்டைக்குள் போனது. மாவு புளிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். காருக்குள்ளும் புளிக்கும்.

“காலை மடக்கி சீட்டுக்குக் கீழ வச்சுக்குங்க” என்றார் சித்தி. வண்டியோடு வந்த புத்தகத்தை எங்கள் குடும்பத்தில் படித்த ஒரே ஆள் அவர்தான். ஐம்பதைத் தாண்டி டிரைவிங் ஸ்கூல் போனவர். அந்த வண்டிகளில் வாத்தியார் பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். அதனால் பழகி முடித்தவர்களில் பாதிப்பேர் உண்மையில் ஓட்டிப் பழகியது ஸ்டியரிங்கை மட்டுமே. சித்தி அப்படியல்ல. வாத்தியாரின் காலைக் கவனித்துக்கொண்டே ஓட்டியவர். “உங்க காலை எடுங்க சார், நான் மிதிச்சுக்கறேன்” என்று சொல்லி, பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் ஒரே தடவையில் லைசென்ஸ் வாங்கியவர்.

ஒரு கால்தான், வலது கால்தான், அதுவே பிரேக்குக்கும் ஆக்சிலேட்டருக்கும் மாறி மாறிப் போக வேண்டும். ஆட்டோமேட்டிக்கின் முழுப் பாடமும் இவ்வளவுதான். பிரேக்கை மிதித்து, லீவர் நியூட்ரலில் இருந்தால்தான் சித்தப்பாவின் வண்டி ஸ்டார்ட்டே ஆகும். அதை அவர் தினமும் மறந்து, தினமும் பேட்டரியைத் திட்டினார்.

ஏ.எம்.டி. என்பது ஒன்றும் மந்திரமில்லை. உள்ளே அதே பழைய கியர்பாக்ஸ், அதே கிளட்ச் பிளேட். நம் இடது காலும் இடது கையும் செய்த வேலையை ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் சொல்லச் சொல்ல ஒரு கருவி செய்கிறது. அது கிளட்ச்சை விடுவித்து, கியரை மாற்றி, மறுபடி சேர்க்கிற இடைவெளியில் வண்டி ஒரு கணம் தயங்கும். உள்ளே இருக்கிற அத்தனை தலையும் முன்னால் ஒருமுறை ஆடும். சித்தப்பா பேசிக்கொண்டே ஓட்டுபவர். அவர் அரசியலில் எந்தக் கருத்தைச் சொன்னாலும் அதற்குச் சரியாக ஒரு கியர் மாறும், நாங்கள் எல்லோரும் தலையாட்டுவோம். குடும்பத்தில் அவருக்கு இவ்வளவு ஆதரவு இதற்கு முன் இருந்ததில்லை.

மேம்பாலத்து ஏற்றத்தில் டிராஃபிக் நின்றால் சித்தப்பாவுக்குக் கலைநயம் வந்துவிடும். பிரேக் இல்லாமல், ஆக்சிலேட்டரை லேசாகத் தொட்டுத் தொட்டு வண்டியை அந்தரத்தில் நிறுத்துவார். அம்பாசடரில் ஹாஃப் கிளட்ச்சில் நிறுத்திக் காட்டிய அதே வித்தை. கிளட்ச் பெடல் இல்லை என்பதற்காகக் கிளட்ச் தேயாமல் இருந்துவிடுமா? கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வெந்துகொண்டிருக்கும். ஹேண்ட்பிரேக்கை இழுத்து நின்று, நகரும்போது ஆக்சிலேட்டர் கொடுத்தபடி விடுவிப்பது எவ்வளவோ மலிவு.

இதெல்லாம் ஊருக்குள். குன்னூருக்குக் கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போதுதான் சித்தப்பா தன் வாழ்நாள் சித்தாந்தத்தை வெளியே எடுத்தார்.

“ஏங்கண்ணு, எறக்கத்துல எதுக்கு கியரு? நியூட்ரல்ல விட்டா மேட்டுப்பாளையம் வரைக்கும் சும்மாவே போலாம். அம்பாசடர்ல நான் இன்ஜினையே ஆஃப் பண்ணிருவேன்.”

அம்பாசடரில் அது வெறும் வீரம். இப்போதைய வண்டியில் இன்ஜினை அணைத்தால் ஸ்டியரிங் கல்லாகும், ஓரிரு மிதிக்குப் பிறகு பிரேக்கும் கல்லாகும். அணைக்கக் கூடாது என்பதில் சித்தி பிடிவாதமாக இருந்ததால் நியூட்ரலோடு சமாதானம் ஆனது. ஏறின கியரிலேயே இறங்கு என்பது மலைப்பாதை டிரைவர்களின் பால பாடம். 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கல்லட்டிப் பாதையில் முதல், இரண்டாம் கியரில் மட்டும் வா என்று பலகையே வைத்திருக்கிறார்கள். வண்டியைப் பிடித்துவைக்கிற வேலையைச் சின்ன கியரில் இன்ஜின் செய்யும். நியூட்ரலில் அந்த மொத்தப் பாரமும் பிரேக்கின் தலையில். அது சூடாகி, பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி கட்டிவிட்டால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும்.

“கியர்ல விட்டு ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டா இப்பத்த வண்டியில பெட்ரோலே இறங்காதுங்க சித்தப்பா. நியூட்ரல்லதான் இன்ஜின் நிக்காம இருக்கக் கொஞ்சம் குடிக்கும்” என்றேன்.

“பெட்ரோல் இல்லாம இன்ஜின் எப்படிக் கண்ணு ஓடும்?”

“சக்கரம் ஓட்டும்.”

சித்தப்பா என்னைப் பார்த்த பார்வையில், என் படிப்புக்கு அப்பா கட்டிய ஃபீஸுக்கான வருத்தம் தெரிந்தது.

பக்கத்தில் ஒரு அரசு பஸ் சின்ன கியரில் உறுமிக்கொண்டே நிதானமாக இறங்கியது. அதை முந்திக்கொண்டு நாங்கள் சத்தமில்லாமல் போனோம். பர்லியாறு நெருங்கும்போது ஒரு நாற்றம். புளித்த மாவு வாடைக்கு நாங்கள் பழகியிருந்தோம், இது வேறு. சித்தி முந்தானையை மூக்கில் வைத்தார்.

“ஏனுங்க, என்னமோ கருகுதுங்க.”

“துரியன் பழம். பர்லியாத்துல விப்பாங்க. அந்த வாசம் அப்படித்தான் இருக்கும்” என்றார் சித்தப்பா, பெடலைக் கொஞ்சம் ஆழமாக மிதித்தபடி.

பழக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தினோம். முன்சக்கரத்திலிருந்து மெல்லிய புகை. சித்தப்பா கண்ணாடியை இறக்கி, “துரியன் என்ன வெலை?” என்றார்.

கடைக்காரர் குனிந்து சக்கரத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “துரியன் சீசன் முடிஞ்சு போச்சுங்களே. அது உங்க பிரேக்குங்க.”

அவருடைய பையன் ஒரு மக்கில் தண்ணீரோடு ஓடி வந்தான். சூட்டில் தண்ணீர் பட்டால் டிஸ்க் கோணிக்கொள்ளும் என்று சித்தி தடுத்துவிட்டார். தானாக ஆறும்வரை கொய்யாப்பழம் தின்றோம். பிறகு சித்தி ஒன்றும் பேசாமல் டிரைவர் சீட்டில் ஏறி, லீவரை எம்-முக்குத் தள்ளி இரண்டாவது கியரில் வைத்தார். டி-யில் விட்டால் வேகம் கூடக் கூட அது தானாக மேல் கியருக்குப் போய்விடும், எம்-மில் போட்டால் நம் சொல் கேட்கும். வண்டி உறுமிக்கொண்டு இறங்கியது. சித்தி வளைவுக்கு வளைவு மட்டும் பிரேக்கைத் தொட்டார்.

கல்லாறு வரும்போது சித்தப்பா டாஷ்போர்டை எட்டிப் பார்த்தார். மைலேஜ் காட்டுகிற கோடு கடைசி எல்லையில் போய் நின்றிருந்தது, அதற்கு மேல் காட்ட இடமில்லை.

“பாத்தியா கண்ணு” என்றார் சித்தப்பா. “நான் மேலருந்து நியூட்ரல்ல கொண்டாந்ததோட பலன் இப்பத்தான் காட்டுது.”

சித்தி மூன்றாவது கியருக்கு மாற்றினார். நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம்.